சிவப்பு லைற்றில் பக்கத்தில் நிற்பவர்

(சென்ற மாதச் சந்திப்பில் பேசியது. பேசினபடியே பெரும்பாலும் விட்டிருக்கிறேன். ஆக்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மட்டும் எடுத்துவிட்டேன்.)



போன தடவை இந்த இடத்தில் நின்று பேசின தோழர் இலங்கையின்ர கடனைப் பற்றியும் நாணய நிதியத்தைப் பற்றியும் பேசினவர். நான் பேசப் போறது லண்டனில ட்ராபிக் லைற்றில நிக்கிறதைப் பற்றி. சிரிக்கலாம், பரவாயில்லை. தலைப்பை அனுப்பினபோது ஒருங்கிணைப்புக் குழுவும் சிரிச்சதாகத்தான் கேள்வி.

ஆனால் எங்கட வீட்டில இது சிரிப்புக்கான விஷயமில்லை. அப்பா 19 வருஷமாக மினிகாப் ஓடுகிறார். நான் 6 வருஷமாகச் சைக்கிள் ஓடுகிறேன், முதலில் கம்பஸுக்கு, இப்ப ஆய்வு வேலைக்கும் மற்ற எல்லாத்துக்கும். சாப்பாட்டு மேசையில் தேர்தல் பற்றி நாங்கள் சண்டை பிடிக்கிறதில்லை. சைக்கிள் பற்றிப் பிடிப்போம். அம்மா சோற்றுக் கோப்பையோடு எழும்பிப் போய் டிவிக்கு முன்னால் இருக்கிற அளவுக்குப் பிடிப்போம்.

அப்பாவின் குற்றப்பத்திரிகை இது. சைக்கிள்காரர் இடது பக்கத்தாலும் நுழைவினம், வலது பக்கத்தாலும் நுழைவினம், எந்தக் கண்ணாடியைப் பாக்கிறது எண்டே தெரியாது. சிவப்பு லைற் தங்களுக்கில்லை எண்டு நினைப்பினம். கடைசியாக, நிக்கேக்க காரின்ர கூரையில கையை ஊண்டிக்கொண்டு நிப்பினம். இந்தக் கடைசிக் குற்றச்சாட்டைச் சொல்லும்போது அவருடைய குரல் மாறும். ஏனென்றால் கார் அவருடையதில்லை. கிழமைக் கிழமை வாடகை கட்டி ஓடுகிற கார். ஒரு கீறல் விழுந்தாலும் அவருடைய பொக்கற்றில் இருந்துதான் போகும். கால் ஊண்டாமல் நிற்பதற்காக ஒருவர் கையை வைக்கிற அந்த இடம் அப்பாவுக்கு வேலை செய்யிற இடம், கடன், வாடகை எல்லாம்.

என்னுடைய பட்டியலும் நீளம். சிக்னலில் சைக்கிளுக்கு என்று கோடு போட்டு விட்டிருக்கிற பெட்டிக்குள் கார்கள் வந்து நிற்கும். லைற் பச்சையாகி அரை செக்கன் ஆகவில்லை, பின்னால் இருந்து ஹோர்ன். தொடையில் போனை வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு வான்கள். ஓடிக்கொண்டிருக்கிற வானில் இருந்து ஒருத்தன் கத்தினால் அது காற்றோடு போய்விடும். சிவப்பு லைற்றில் நிற்கும்போது ஜன்னலை இறக்கி ஒருத்தன் என்ர உடம்பைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால், எனக்குப் போக இடமில்லை. 40 செக்கன் நான் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். இந்த அறையில் சைக்கிள் ஓடுகிற பெண் தோழர்கள் தலையாட்டுகிறது தெரிகிறது. சிவப்பு லைற்றை மீறிப் போகிற பெண்களைப் பார்த்தால், அதில் கொஞ்சப் பேர் இதுக்காகத்தான் போகிறார்கள் என்று நினைவில் வையுங்கோ.

ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன். நீங்கள்தானே யாழ்ப்பாணத்தில் சைக்கிளிலேயே வாழ்ந்தனீங்கள், இப்ப ஏன் சைக்கிளைக் கண்டால் பல்லைக் கடிக்கிறீங்கள் என்று. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் இளம் ஆள். பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, ஓடின கொஞ்சநஞ்ச வாகனமும் மண்ணெண்ணெயில ஓடின காலம். அவருடைய கதைகள் எல்லாம் சைக்கிளில்தான் நடக்கும். முன்னுக்குப் பாரில தங்கச்சி, பின்னுக்குக் கரியரில விறகு. அப்பம்மாவுக்குக் காய்ச்சல் கூடினபோது அவவைக் கரியரில் இருத்தி, விழாமல் இருக்கத் தன்னுடைய இடுப்போடு சேர்த்துச் சீலைத் துண்டால் கட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினது. பிறகு ஆமி வந்த பிறகு, சென்றிப் பொயின்ற் வந்தால் இறங்கி உருட்டிக்கொண்டு போக வேணும். ஏறி ஓடினால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தெருவில் நிற்கிறது, இறங்கிறது, வழி விடுறது எல்லாம் துவக்குக்கு முன்னால் பழகின ஆள் அவர்.

அவர் கொஞ்ச நேரம் யோசிச்சுப்போட்டுச் சொன்னார்: "அங்க எல்லாரும் சைக்கிள், பிள்ளை. இஞ்ச நான் கார், நீ சைக்கிள்."

அதுக்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது காணும். அங்கே தெருவில் எல்லோரும் ஒரே உயரத்தில் இருந்தார்கள், முகம் தெரியும். இங்கே ஒருவர் கண்ணாடிக்குள்ளே இருக்கிறார், மற்றவர் மழையில் நிற்கிறார்.

இனி விதிகளுக்கு வருவோம். எங்களில் பலர் லைசென்ஸ் எடுத்த நாளோடு ஹைவே கோட் புத்தகத்தை மூடி வைத்துவிட்டோம். அப்பா எடுத்தது 2003 இல். 2022 ஜனவரி 29 ஆம் தேதி அந்தப் புத்தகத்தைத் திருத்தினார்கள். தொடக்கத்திலேயே H1 என்று ஒரு விதி. அதிகம் சேதம் செய்யக்கூடியவருக்கு அதிகம் பொறுப்பு. லொறிக்குக் காரை விடக் கூட, காருக்குச் சைக்கிளை விடக் கூட, சைக்கிளுக்கு நடந்து போகிறவரை விடக் கூட. நான் முதல்தரம் வாசித்தபோது, இதை எழுதினது அரசாங்கமா எங்கட வாசிப்பு வட்டமா என்று யோசிச்சேன். அந்தத் திருத்தம் வந்தது அப்பாவுக்கு நான் சொல்லித்தான் தெரியும். அவரோடு ஓடுகிற ஆக்களுக்கு இப்பவும் தெரியாது.

சிக்னலில் இருக்கிற அந்தச் சைக்கிள் பெட்டி 178 ஆம் விதி. லைற் மஞ்சளோ சிவப்போ ஆனால் கார் முதல் வெள்ளைக் கோட்டில் நிற்க வேண்டும். முதல் கோட்டைத் தாண்டின பிறகு சிவப்பு விழுந்தால் இரண்டாவது கோட்டில் நிற்கலாம். அதாவது பெட்டிக்குள் கார் நிற்கிறதைப் பார்த்த உடனே கத்தக்கூடாது, அவர் சட்டப்படியே மாட்டிக்கொண்டு நிற்கலாம். இது எனக்கு 4 வருஷம் தெரியாது. 4 வருஷமாக எத்தனை பேரை முறைச்சிருப்பேன்! அப்பாவுக்கு இதைச் சொன்னபோது அவருக்கு வந்த சந்தோஷம் இன்னும் போகவில்லை. அதே விதி தொடர்ந்து சொல்கிறது: பச்சை விழுந்தால் சைக்கிள் வெளிக்கிட நேரமும் இடமும் குடுக்க வேண்டும். ஹோர்ன் அடிக்கச் சொல்லி ஒரு இடத்திலும் இல்லை.

போன் விஷயத்தில் சந்தேகமே இல்லை. சிவப்பு லைற்றில் நிற்கிறேன், எஞ்சின் தானாக நின்றுவிட்டது என்ற சாட்டு எடுபடாது. கையில் போனோடு பிடிபட்டால் 200 பவுண்ட், 6 புள்ளி. லைசென்ஸ் எடுத்து ரெண்டு வருஷத்துக்குள் என்றால் லைசென்ஸே போகும். மினிகாப் ஓடுகிற வீட்டில் 6 புள்ளி என்றால் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை.

இப்ப பெட்டி ஏன் வந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது மரியாதைக்காக வந்ததில்லை. இடது பக்கம் திரும்புகிற லொறியின் ட்ரைவருக்கு, தன்ர இடது முன் மூலைக்குப் பக்கத்தில் நிற்கிற சைக்கிள் தெரியாது. உயரத்தில் இருக்கிறார், கதவுக்குக் கீழே மறைவு. லைற் பச்சையாகும், அவர் திரும்புவார், பின் சில்லு உள்ளுக்கு வெட்டும். கிழக்கு லண்டனில் போ ரவுண்டபவுட்டில் 2011 ஒக்ரோபரிலும் நவம்பரிலுமாக ரெண்டு பேர் செத்தார்கள். பிறகு சைக்கிளுக்கு முந்திப் பச்சை விழுகிற லைற் அங்கே போட்டார்கள். 2013 நவம்பரில் அதே இடத்தில் மூன்றாவது ஆள். அந்த மாதம் லண்டனில் ரெண்டு கிழமைக்குள் 6 சைக்கிள்காரர் செத்தார்கள். நவம்பர் 29 ஆம் தேதி பின்னேரம் சதர்க்கில் போக்குவரத்துத் தலைமையகத்துக்கு முன்னால் ஆயிரத்துக்கு மேற்பட்ட சனம் சைக்கிள்களோடு தெருவில் படுத்தது. இப்ப 12 தொன்னுக்கு மேற்பட்ட லொறி லண்டனுக்குள் வருவதென்றால், ட்ரைவருக்கு நேரடியாக எவ்வளவு தெரிகிறது என்று அளந்து அனுமதி எடுக்க வேண்டும். 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது, 2024 ஒக்ரோபரில் இன்னும் இறுக்கினார்கள். இதெல்லாம் தெருவில் படுத்த சனமில்லாமல் வந்திருக்குமோ? எனக்குச் சந்தேகம்.

ஆகவே சைக்கிள் ஓடுகிற தோழர்களுக்கு ஒன்று சொல்லுறன். சிவப்பு லைற்றில் முன்னுக்கு லொறியோ பஸ்ஸோ நின்றால், பெட்டி காலியாக இருக்கு என்று இடது பக்கத்தால் நுழையாதேங்கோ. நிற்கிற வாகனங்களை எந்தப் பக்கத்தாலும் கடக்க விதி எங்களை விடுகிறது. ஆனால் லைற் எப்ப மாறும் என்று விதிக்குத் தெரியாது. பின்னால் நில்லுங்கோ. 40 செக்கன்தான்.

மரியாதை ஆளைக் கொல்லும் என்கிறதுக்கும் ஒரு உதாரணம் இருக்கு. ட்ராபிக் வரிசையாக நிற்கிறது. எதிர்ப்பக்கத்தில் ஒரு கார் வலது பக்கம் பக்கத் தெருவுக்குள் திரும்பக் காத்திருக்கிறது. வரிசையில் நிற்கிற நல்ல மனுஷன் இடம் விட்டு, ஹெட்லைற்றை ஒருக்கா மின்னி "நீங்கள் போங்கோ" என்கிறார். அவரும் கையைக் காட்டி நன்றி சொல்லிக்கொண்டு திரும்புகிறார். நின்ற வரிசைக்கு இடது பக்கத்தால் நேரே வந்துகொண்டிருக்கிற சைக்கிளை ரெண்டு பேருமே பார்க்கவில்லை. ரெண்டு ட்ரைவர்கள் தங்களுக்குள் மரியாதையாக நடந்துகொண்டதுக்கு மூன்றாவது ஆள் விலை குடுக்கிறார். எனக்கு ரெண்டு தரம் மயிரிழையில் தப்பியிருக்கு. லைற் மின்னுவது "நான் இங்கே நிற்கிறேன்" என்று காட்ட மட்டும்தான் என்று 110 ஆம் விதி சொல்கிறது. அப்பா வந்த புதிதில் இதில் குழம்பினவராம். எங்கட ஊர்ப் பக்கம் லைற் அடிச்சால் "நான் வாறன், நீ நில்" என்று அர்த்தம். இங்கே சனம் அதை "நீ வா" என்று பாவிக்குது. ஒருவர் இடம் விட்டால் போகலாம். போக முதல், அவருக்குப் பின்னால் யார் வருகினம் என்று நாங்கள்தான் பார்க்க வேண்டும்.

சரி. இனி நான் சொல்ல வந்த விஷயம்.

போன டிசம்பர், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், ஈஸ்ட்ஹாம் பக்கம். மழை. அப்பாவின் காரில் பின்னால் ஒரு ஆள், காதில் ஹெட்போன். முன்னுக்கு லைற் சிவப்பு, வரிசை நீளம். அந்த ஆள் இறங்க வேண்டிய இடத்துக்கு இன்னும் ஒரு 200 மீற்றர். "இங்கேயே இறங்கிறேன்" என்றார். அப்பா "சரி" என்று சொல்லி முடிக்க முதல் இடது பக்கக் கதவு திறந்துவிட்டது. நடைபாதைக்கும் காருக்கும் இடையில் இருந்த ஒரு மீற்றர் இடைவெளியால் வந்துகொண்டிருந்த சைக்கிள் நேரே கதவில். சாப்பாடு காவுகிற பெரிய சதுரப் பை, அதோடு ஆளும் நடைபாதைக் கல்லில்.

ஹெட்போன்காரர் ரெண்டு தரம் "சொறி" சொன்னார். பிறகு போய்விட்டார். இரவு அப்பாவுக்கு 5 ஸ்ரார் வந்திருந்தது. அந்த மனுஷனில் எனக்கு இருக்கிற கோபம், எந்த வர்க்கப் பகுப்பாய்வு செய்தும் இன்னும் போகவில்லை.

விழுந்த பெடியன் முதலில் தேடினது போனை. பிறகு பையைத் திறந்து பார்த்தான். அதுக்குப் பிறகுதான் கையைப் பார்த்து "ஐயோ அம்மா" என்றான்.

அப்பா கேட்டார்: "தம்பி, தமிழோ?"

"ஓம் அண்ணை."

அப்பா அம்புலன்ஸுக்கு அடிக்கப் போனை எடுத்தார். பெடியன் நல்லாயிருந்த கையால் அப்பாவின் கையைப் பிடிச்சான். "வேண்டாம் அண்ணை. பொலிஸ் வரும். பிறகு கேப்பினம்." என்ன கேட்பார்கள் என்று அப்பாவுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. மாணவர் விசாவில் வந்தவன். அந்த விசாவில் சுயதொழில் செய்ய முடியாது. போனில் இருந்த எக்கவுண்ட் வேறொருவரின் பெயரில். கிழமைக்கு இவ்வளவு என்று அவருக்கு வாடகை. அப்பாவுக்கு வாடகைக் கார், அவனுக்கு வாடகைப் பெயர்.

அப்பா செயலியை நிப்பாட்டினார். வளைஞ்ச சைக்கிளைப் பக்கத்தில் இருந்த தமிழ்க் கடைக்குள் விட்டுவிட்டு அவனைக் காரில் ஏற்றினார். ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பினால் பெடியன் சொல்கிறான், "அண்ணை, முதல் சாப்பாட்டைக் குடுத்திட்டுப் போவம்." குடுக்காட்டில் எக்கவுண்டை மூடிப்போடுவார்களாம், அது தன்னுடைய எக்கவுண்டும் இல்லையாம். அப்பா போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டி, மூலை நசுங்கின பெட்டியைக் குடுத்தார். சூப் கொஞ்சம் ஊத்துப்பட்டிருந்தது என்று அந்த வீட்டுக்காரர் முறைப்பாடு செய்தார். 56 வயசு மனுஷன் மழையில் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து காரில் ஏறினார்.

மணிக்கட்டு முறிவு. 6 கிழமை பிளாஸ்ரர். 6 கிழமை வேலை இல்லை, ஆனால் எக்கவுண்ட் வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா தன்னுடைய இன்சூரன்ஸ் விபரத்தைப் படமெடுத்து அனுப்பி, கிளெயிம் போடு தம்பி, எனக்குப் பிரச்சினை இல்லை என்றார். அவன் இன்றுவரை போடவில்லை. ரெண்டு கிழமைக்கு ஒருக்கா அம்மா சாப்பாடு குடுத்து அனுப்புவா. இதைப் பேசுறதுக்கு நான் அவனிடம் கேட்டுத்தான் வந்திருக்கிறேன். "பேர் சொல்லாட்டில் சரி அக்கா" என்றான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பிறகு தேடினேன். 1986 ஆம் ஆண்டு வாகன ஒழுங்குவிதிகளில் 105 ஆவது. ஒருவருக்குக் காயமோ ஆபத்தோ வரும்படி கதவைத் திறந்தவர் மட்டுமில்லை, திறக்க விட்டவரும் குற்றவாளி. 1,000 பவுண்ட் வரை தண்டம். அதாவது அந்தச் "சரி"க்கு அப்பா பொறுப்பு. அவர் அதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு "ஓம், நான் கண்ணாடியைப் பாத்திருக்க வேணும்" என்றார். எனக்கு அதைக் கேட்க விருப்பமில்லாமல் இருந்தது. அவர் வேறு யாரையாவது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், எனக்கும் அதுதான் சுகமாக இருந்திருக்கும்.

ஆனால் நாங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கு. அவர் ஏன் "இல்லை, இருங்கோ, ஓரத்தில் நிப்பாட்டின பிறகு இறங்குங்கோ" என்று சொல்லவில்லை? ஸ்ரார் குறையும். குறைஞ்சால் வேலை குறையும். பெடியன் ஏன் மழையில் அந்தச் சின்ன இடைவெளியால் வேகமாக வந்தான்? அவனுக்கு மணித்தியாலச் சம்பளமில்லை, குடுக்கிற சாப்பாட்டுக்குத்தான் காசு. வரிசையில் பொறுமையாக நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் அவனுடைய பொக்கற்றில் இருந்து போகிறது. சிவப்பு லைற்றில் பண்பாக நில் என்று அவனுக்கு நான் வகுப்பெடுக்கலாம். அந்தப் பண்புக்கு நான் காசு குடுக்கிறதில்லை.

2021 பெப்ரவரி 19 இல் உச்ச நீதிமன்றம் ஊபர் ட்ரைவர்கள் தொழிலாளர்கள் என்று தீர்ப்புச் சொன்னது. செயலியைத் திறந்து வேலைக்குத் தயாராக நிற்கிற நேரமும் வேலை நேரம் என்றது. தீர்ப்புக்குப் பிறகு கம்பனி சொன்னது, குறைந்தபட்சச் சம்பளம் பயணத்தை ஏற்றுக்கொண்ட நேரத்தில் இருந்துதான் என்று. காத்து நிற்கிற நேரம் வெளியே போய்விட்டது. 2023 நவம்பர் 21 இல் அதே நீதிமன்றம் டெலிவரூ ஓடுகிறவர்கள் விஷயத்தில் மற்றப் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தங்களுக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்ப அவர்களுக்கு உரிமை இருக்கிறபடியால், அவர்கள் வேலையாட்கள் என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள், சங்கம் மூலம் கூட்டாகப் பேரம் பேசச் சொல்லி நிர்ப்பந்திக்க முடியாது என்று. யோசிச்சுப் பாருங்கோ. பதில் ஆளை அனுப்பலாம் என்கிற அந்த ஏற்பாட்டை வைத்துத்தான் சங்க உரிமை இல்லை என்கிறார்கள். விசா இல்லாத, வேறு வேலை கிடைக்காத பிள்ளைகளுக்குப் பெயரை வாடகைக்கு விடுகிற சந்தையும் அதே கதவால்தான் உள்ளே வந்தது. அந்தச் சிவப்பு லைற்றில் நின்ற காரும் விழுந்த சைக்கிளும் சட்டத்தின் ரெண்டு வேறு பக்கத்தில் நின்றன. ரெண்டு பேரும் ஒரே மழையில்.

இதைச் சொன்னதும் சிலர் "அப்ப ரெண்டு பக்கமும் பாவம், ரெண்டு பக்கமும் பிழை" என்று முடிச்சுவிடுவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. கார் ஒன்றரைத் தொன். என்ர சைக்கிள் 13 கிலோ. ட்ரைவர் பாவம் என்கிறது உண்மை, அதுக்காக அவருடைய கதவு மெல்லிசாகப் போறதில்லை. H1 இல் நான் விடாப்பிடியாக நிற்கிறேன், அப்பாவோடும் நிற்கிறேன்.

அதே H1 கீழேயும் பார்க்கச் சொல்கிறது. நாங்கள் சைக்கிள்காரர் மேலே பார்த்துத்தான் கத்துவோம். ரெண்டு வருஷத்துக்கு முதல் மனோர் பார்க்கில், நடந்து போகிறவர்களுக்கான லைற்றில், யாரும் இல்லை என்று நினைச்சுச் சிவப்பில் போனேன். ஒரு அம்மம்மா, சில்லு வைச்ச சாமான் பையோடு, நடுவில் வந்து என்னைக் கண்டு பின்னுக்குப் போனா. பை சரிஞ்சு, வெங்காயம் உருண்டது. நான் இறங்கிப் பொறுக்கிக் குடுத்தேன். அவ திட்டவில்லை. முகத்தைப் பார்த்துத் தமிழ் என்று கண்டுபிடிச்சு "மெதுவாப் போ மோனை" என்றா. சிவப்பு லைற்றை மீறினால் சைக்கிளுக்கு 50 பவுண்ட் தண்டம். நான் 50 பவுண்டைக் கட்டிவிட்டு அந்த "மோனை"யைக் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று இப்பவும் நினைக்கிறேன்.

இன்னொன்று, கூச்சமாக இருந்தாலும் சொல்ல வேண்டும். அப்பாவை 'பி'யில் தொடங்குகிற அந்த இனவாதச் சொல்லால் ஏசினது ஒரு சைக்கிள்காரர். ஹக்னி பக்கம், சிவப்பு லைற்றில், காரின் கூரையில் அடிச்சு. அப்பா பெட்டிக்குள் நின்றதுதான் காரணம். லண்டனில் சைக்கிளுக்காகப் பேசுகிற கூட்டங்களுக்கு நான் போகிறேன், அங்கே எங்களைப் போன்ற முகங்கள் குறைவு. உணவுப் பையோடு ஓடுகிறவர்களின் முகங்கள் அதைவிடக் குறைவு. எங்கட சனம் சைக்கிள் பாதை என்றால் முகத்தைச் சுளிக்கிறதுக்கு வாட்ஸ்அப் வதந்தி மட்டும் காரணமில்லை. இந்த மாதிரி 40 செக்கன்களும் காரணம்.

எனக்கு இன்னொரு சிவப்பு லைற் ஞாபகம் இருக்கு. 2009 ஏப்ரல், வெஸ்ற்மின்ஸ்ரர். எனக்கு 8 வயசு. எங்கட சனம் பாராளுமன்றச் சதுக்கத்திலும் பாலத்திலும் தெருவில் இருந்தது. ஹோர்ன் சத்தம், திட்டு, என்ன நடக்குது என்று எனக்கு அரைவாசிதான் விளங்கினது. ஒரு பஸ் மாட்டிக்கொண்டு நின்றது. அந்த ட்ரைவர் எஞ்சினை நிப்பாட்டிவிட்டு, ரெண்டு கையையும் ஸ்ரியரிங்கில் வைத்துக்கொண்டு, ஹோர்ன் அடிக்காமல் இருந்தார். அம்மா போய் ஜன்னலால் ஒரு தண்ணிப் போத்தலை நீட்டினா. அவர் வாங்கினார். ஒன்றும் கதைக்கவில்லை. எங்கட பக்கம் நின்றாரா, களைச்சுப் போய் நின்றாரா, தெரியாது. நாங்கள் ஊரையே நிப்பாட்டின நாளில், நிப்பாட்டப்பட்ட ஒருவர் அப்படி இருந்தார் என்கிறது மட்டும் எனக்கு நிற்கிறது.

இனி நான் உங்களிடம் கேட்கிறது. பெரிய திட்டமில்லை. காரின் பின் கதவில் உள்பக்கமாக ஒட்ட ஒரு சின்ன ஸ்ரிக்கர். இடது பக்கம் இருக்கிறவர் வலது கையால் கதவைத் திறக்க வேண்டும், ட்ரைவர் இடது கையால். அப்படிக் கையை நீட்டினால் உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னுக்குப் போகும். 239 ஆம் விதியில் இதுவும் 2022 இல் சேர்ந்தது. தமிழிலும் ஆங்கிலத்திலும் படத்தோடு போடுவோம். எங்களில் எத்தனை பேரின் அப்பாமார், மாமாமார் காப் ஓடுகினம்? கையை உயர்த்துங்கோ. பாருங்கோ, அரைவாசிக்கு மேல். அவர்களுக்கு இதைக் குடுக்கும்போது 178 ஐயும் சொல்லிக் குடுங்கோ, மாட்டிக்கொண்டு நிற்கலாம் என்கிற பகுதியையும் சேர்த்து. அப்போதான் மிச்சத்தையும் கேட்பார்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

சைக்கிள் ஓடுகிற நாங்கள் கூரையில் கை வைக்க வேண்டாம். அடிக்கவே வேண்டாம். உணவுப் பையோடு பக்கத்தில் ஒருவர் வந்து நின்றால், கையில் இருக்கிற 40 செக்கனில் அவரோடு கதையுங்கோ. சங்கத்தின் துண்டுப் பிரசுரம் நீட்டுறதுக்கு முதல், சாப்பிட்டீங்களோ என்று கேளுங்கோ. நான் அப்படித்தான் 3 பேரின் நம்பரை எடுத்திருக்கிறேன். ஒருவர் போன மாதம் இங்கே வந்தவர்.

அப்பா ஸ்ரிக்கரின் முதல் மாதிரியைப் பார்த்துவிட்டு எழுத்துச் சின்னன் என்றார். பிறகு, ஸ்ராரைக் குறைப்பாங்கள் என்றார். பிறகு ஒட்டினார். போன சனிக்கிழமை ஒரு பயணி அதை நகத்தால் உரிச்சுக்கொண்டு இருந்தாராம், அப்பா கண்ணாடியில் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லையாம். அதனால் நல்ல பசையாகப் பார்க்க வேண்டும், இந்தத் துறையில் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கோ.

பின் வரிசையில் இருக்கிற அண்ணை 11 வருஷமாக வான் ஓடுறவர். நான் தொடங்க முதலே, "நீ முடிச்ச பிறகு உனக்கு நல்ல ஏச்சு இருக்கு" என்று சொல்லித்தான் இருந்தவர். மைக்கை அவருக்குக் குடுக்கிறேன்.